நான் கீறிய வாசல்

திருகோணமலையில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பிளான் கீறிப் பிழைத்தவன் நான். வீடு, கடை, கலியாண மண்டபம், ரியூசன் கொட்டில் எல்லாம் கீறியாயிற்று. என் பிளானில் கட்டிய சுவர் வெடித்ததில்லை, பிளாட் ஒழுகியதில்லை என்று சொல்லித் திரிவதில் எனக்கு ஒரு பெருமை. கதவைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை.

2013ஆம் ஆண்டு. யுத்தம் முடிந்து நாலு வருடம். வெளிநாட்டுக் காசும் வங்கிக் கடனும் ஊருக்குள் இறங்கி, வீதிக்கு வீதி கொங்கிறீட் மிக்சர் சத்தம். உட்துறைமுகப் பக்கம் போகிற ஒரு வீதியில் மாடிக் கட்டடம் ஒன்று கீறக் கிடைத்தது. கீழே பாமசி, மேலே வாடகை அறைகள். மேல்மாடி யன்னலில் நின்றால் துறைமுகத் தண்ணி தெரியும் என்பதில் முதலாளிக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்கும்தான். அந்த யன்னலை மூன்று தரம் மாற்றி மாற்றிக் கீறினேன். கீழ்வாசலை ஒரே தரம்தான் கீறினேன்.

எங்கள் ஊரில் தளத்தை உயர்த்தாமல் கட்ட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மாரி பிடித்தால் கான் நிரம்பித் தண்ணி வீதிக்கு ஏறும். அதனால் கடைத் தளத்தை வீதியிலிருந்து 14 அங்குலம் தூக்கினேன். ஏறுவதற்கு இரண்டு படி. படிக்குப் பக்கத்தில் ஒரு றாம்ப்.

றாம்ப் போட்டது இரக்கத்தால் அல்ல, சட்டம் இருந்ததால். மாற்றுவலுவுடையோர் உரிமைகளுக்கென்று இலங்கையில் 1996ஆம் ஆண்டிலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வர என்னென்ன செய்யவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபர் 17ஆம் திகதி வர்த்தமானியில் வெளிவந்தன. அந்த வருடம் எங்கள் மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த மாதங்கள் மறக்காது. ஓகஸ்டில் மூதூரில் சண்டை. சனம் பிள்ளைகுட்டிகளோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தது. செல் விழுந்து கால் போனவர்களும் முதுகெலும்பு போனவர்களும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நேரத்தில், அவர்கள் எந்த வாசலால் உள்ளே போகலாம் என்று கொழும்பில் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. அந்த வர்த்தமானி யாருக்காவது மெய்யாகத் தேவைப்பட்டிருந்தால், அது எங்கள் ஊருக்குத்தான் முதலில் தேவைப்பட்டது. அதன் போட்டோப் பிரதி என் மேசை லாச்சியில் கிடந்தது. அதில் றாம்ப் மட்டும் இல்லை. கதவு, கைபிடி, கழிப்பறை என்று நிறைய இருந்தது. நான் றாம்பை மட்டும் வாசித்தேன். படத்தைப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

றாம்ப் கணக்கு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம், ஒன்றுக்குப் பன்னிரண்டு. 14 அங்குலத்துக்கு 14 அடி. வீதிக் கரையிலிருந்து கடைச் சுவர் வரை எனக்கிருந்த இடம் 16 அடி. 14 அடிச் சரிவு போக மிச்சம் இரண்டடி. சரிவு முடிகிற இடத்தில், கதவுக்கு முன்னால், சக்கர நாற்காலி நேராக நிற்க மட்டமான தளம் ஐந்தடியாவது வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் இந்த எழுத்து முழுவதும் பொய்யாகிவிடும். கட்டடத்தை மூன்றடி பின்னுக்குத் தள்ளியிருந்தால் சரிவந்திருக்கும். தள்ளினால் பாமசியில் ஓர் அலுமாரி வரிசை போகும். முதலாளி முகம் சுளிப்பார். சரிவைச் சரியாகக் கீறினேன், தளத்தை விழுங்கினேன். பார்வையிட வந்தவர் மட்டம் வைத்துப் பார்த்தால் சரிவு சரி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது நான் கொடுத்த படம்.

இனிக் கதவு. ஓடாவியிடம் "மூண்டடிக் கதவு" என்றால் அவர் நிலையின் வெளியளவை மூன்றடியாக எடுப்பார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. 36 அங்குலத்தில் இரண்டு நிலைக்கால்களும் மூன்று மூன்று அங்குலம் தின்றுவிடும். மிச்சம் 30. கதவைத் தொண்ணூறு பாகைக்குத் திறந்து வைத்தாலும் கதவுப் பலகையின் தடிப்பு ஓர் அங்குலத்துக்குக் கிட்ட உள்ளே நிற்கும். ஆக, மனிதர் போகக் கிடைப்பது 29 அங்குலம். மில்லிமீற்றரில் 740க்கு உள்ளே. பிரித்தானியாவில் பொதுமக்கள் வருகிற புதுக் கட்டடத்தின் வெளிக்கதவுக்கு அவர்களுடைய வழிகாட்டி சொல்லும் அகலம் 1000 மில்லிமீற்றர். அமெரிக்காவில் ஆகக் குறைந்தது 32 அங்குலம். நான் படத்தில் "3 அடி" என்று எழுதினேன். படத்தில் மூன்றடி மூன்றடிதான்.

அந்தக் கதவை வெளியே திறக்கிற மாதிரி வைத்ததற்கு ஒரு சாட்டு உண்டு. நெருப்புப் பிடித்தால் சனம் தள்ளிக்கொண்டு வெளியேறலாம். அது நல்ல நியாயம்தான். ஆனால் நான் அதற்காக வைக்கவில்லை. உள்ளே திறந்தால் கவுண்டரில் இடிக்கும், அவ்வளவுதான்.

அதோடு விட்டேனா? மாரி மழை சாய்ந்து அடித்தால் கதவுக்குக் கீழால் தண்ணி வரும் என்று வாசற்படியை ஒன்றரை அங்குலம் உயர்த்தச் சொன்னேன். வைகாசி தொடங்கிக் கச்சான் வீசும். மேற்கிலிருந்து வருகிற அந்தக் காய்ந்த காற்றில் பூட்டாத கதவெல்லாம் அடித்து உடையும். போதாக்குறைக்கு உள்ளே ஏசி. ஆகவே கதவைத் தானாக இழுத்து மூடுகிற பலமான ஒரு குளோசர் பூட்டினோம். மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று. வருகிற ஆளுக்கென்று யோசித்த ஒன்றை இந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

2015 ஆடி மாதம் என்று நினைவு. நல்ல கச்சான். எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி சக்கர நாற்காலியில் தனியாக வந்தார். றாம்பில் ஏறின வேகத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடைக்காரரிடம் "பாத்தீரோ, எங்கட றாம்ப்" என்று சொல்ல வாய் உன்னியது. நல்ல காலம், சொல்லவில்லை.

கதவடிக்கு வந்தவுடன் அவர் நின்றார். முன்னுக்கிருந்த சின்னச் சில்லுகள் நான் விட்டுவைத்த இரண்டடியில், பின் சில்லுகள் சரிவில். இடது கையால் சில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் கைபிடியை இழுத்தார். கதவு நாலு விரற்கடை வந்தது. காற்று அதை உள்ளுக்குத் தள்ளியது, குளோசரும் தள்ளியது. இன்னும் இழுத்தார். கதவின் விளிம்பு அவருடைய கால்மிதியில் முட்டியது. கதவு வரவர அவர் பின்னுக்குப் போகவேண்டும். பின்னுக்குப் போக இரண்டு சில்லையும் ஒரே அளவில் விடவேண்டும், ஆனால் ஒரு கை கதவில். ஒரு சில்லை மட்டும் விட்டார். நாற்காலி பக்கவாட்டில் திரும்பியது. கதவை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சில்லைப் பிடித்தார். கதவு டமார் என்று அடித்தது.

திரும்பவும் முயன்றார். பிறேக்கைப் போட்டுவிட்டு இழுத்தார். இப்போது நாற்காலி அசையவில்லை, கதவும் கால்மிதியைத் தாண்டவில்லை. மூன்றாம் தரம் கீழே இறங்கி, நாற்காலியைச் சரித்து, முழங்கையைக் கதவு இடுக்கில் கொடுத்துப் பார்த்தார். எங்கள் ஊர் மான்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரெட்றிக் கோட்டைக்குள் இருந்து வந்து கடைவீதியெல்லாம் உலாத்தும், பழத்தோலுக்குக் கடைவாசலில் நிற்கும். அந்த நேரம் பார்த்து ஒரு மான் இரண்டு படியையும் ஏறி, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

நான் எழும்பவில்லை. வீதியைக் கடக்க இருபது எட்டு இருக்காது. ஓடிப் போய்க் கதவைப் பிடித்தால் முடிந்தது. போனால் அந்தக் கதவுக்கு நான் சொந்தக்காரனாகிவிடுவேன். அந்த ஒரு பயம்தான். பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். அதில் என்ன செய்தி இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

கடைசியில் பள்ளிக்கூடச் சட்டையோடு வந்த ஒரு பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போதும் வாசற்படியில் முன்சில்லு மாட்டி, அவர் உடம்பை ஒரு முறை முன்னுக்கு எறிந்துதான் உள்ளே போனார்.

திரும்பி வந்தவர் நேரே தேத்தண்ணிக் கடைக்கு வந்தார். அந்தக் கடை பழைய காலத்துக் கடை. முகப்பு முழுக்கப் பலகை அடுக்கி, காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பார்கள். கதவென்று ஒன்று இல்லை, பத்தடி அகலத்துக்குத் திறந்தே கிடக்கும். கான் மேல் போட்ட கொங்கிறீட் பலகையில் ஏறி அவர் தானாக உள்ளே வந்தார். கைவிரல் மொளிகளில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. 29 அங்குல இடைவெளியில் 26 அங்குல நாற்காலியைத் தள்ளினால் மிஞ்சுவது பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். விரல்கள் இருப்பது அங்கேதான்.

"அண்ணை, உந்தக் கடைக்குப் பிளான் கீறினது ஆரெண்டு தெரியுமோ?" என்று என்னைத்தான் கேட்டார். வேறு யாரும் அங்கே இல்லை.

"கொழும்பு ஆக்கள் போல கிடக்கு, தம்பி" என்றேன்.

கடைக்காரருக்கு உண்மை தெரியும். அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஏற்கெனவே துடைத்த கிளாசை இன்னொரு தரம் துடைத்தார்.

"கோவமில்லை அண்ணை. றாம்ப் போட வேணுமெண்டு நினைச்சிருக்கினம், அதுவே பெரிய விசயம். ஆனா கீறினவர் ஒரு கதிரையில இருந்தாவது அந்தக் கதவைத் திறந்து பாக்கேல்லப் போல."

அவர் போன பிறகு தேத்தண்ணிக்குக் காசு கொடுத்தேன். கடைக்காரர் மிச்சக் காசை மேசையில் வைத்தார், கையில் தரவில்லை.

அன்று பின்னேரம் பாமசி பூட்டுகிற நேரம் அளவுநாடாவோடு போனேன். கூடவே மீன் விற்கிற தெரிந்த ஒருவரிடம் கொக்கித் தராசு ஒன்று இரவல் வாங்கியிருந்தேன். கொக்கியைக் கதவின் கைபிடியில் மாட்டி மெல்ல இழுத்தேன். முள் ஆறு கிலோவைத் தாண்டித்தான் கதவு அசைந்தது. பிரித்தானிய வழிகாட்டி, வெளிக்கதவு திறக்கத் தொடங்கும்போது 30 நியூட்டனுக்கு மேல் வேண்டியிருக்கக் கூடாது என்கிறது. அது ஏறக்குறைய மூன்று கிலோ. நான் பூட்டியது அதைப்போல் இரண்டு மடங்கு, அதுவும் காற்றில்லாத நேரத்தில். குளோசரில் இரண்டு சின்னத் திருகாணி இருக்கிறதே, அதைத் தளர்த்தினால் போதுமென்று திருகிப் பார்த்தேன். கதவு மூடுகிற வேகம் குறைந்தது, பலம் குறையவில்லை. இத்தனை வருடம் குளோசர் பூட்டச் சொல்லிக் கொடுத்தவனுக்கு அந்தத் திருகாணிகள் வேகத்துக்குத்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உப்புக்காற்றில் பிணைச்சல் வேறு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

மறுநாள் முதலாளியிடம் போனேன். கவுண்டரை இரண்டடி பின்னுக்கு நகர்த்தி, நிலையை நாலடி ஆக்கி, கதவை உள்ளே திறக்க வைக்கலாம் என்றேன். அல்லது இழுவைக் கதவு போடலாம். செலவு எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். "ஆரும் வழக்கு வைச்சவையோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் ஐசே நீர் கிளறுறீர்?" என்றார். என் பிழைதான், பாதிச் செலவை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வசனம் தொண்டை வரை வந்தது. வீட்டில் மகளின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. விழுங்கிவிட்டேன். வாசற்படியை மட்டும் என் செலவில் சீவுவித்து இரண்டு பக்கமும் சரித்து விட்டேன். ஓடாவிக்கு அரை நாள் கூலி. அந்தச் சம்பளம் அளவுக்குத்தான் என் மனச்சாட்சி இருந்தது.

வழக்கு வைக்க ஆளில்லை என்பதும் உண்மையில்லை. கொழும்பில் ஒருவர் வைத்திருந்தார். அஜித் சி. எஸ். பெரேரா என்பவர். கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த கார் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் உயர் நீதிமன்றம் போய், 2011 ஏப்ரல் 27ஆம் திகதி, புதிதாகக் கட்டுகிற பொதுக் கட்டடங்கள் அந்த 2006ஆம் ஆண்டு விதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று தீர்ப்பு வாங்கினார். நான் இந்தப் பாமசியைக் கீறியது அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு. தீர்ப்பைப் பேப்பரில் வாசித்ததும் நினைவிருக்கிறது. "இனி எல்லாத்துக்கும் றாம்ப் கேப்பாங்கள்" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சலித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், பார்க்கவோ நடக்கவோ கேட்கவோ ஏதோ ஒன்றில் கஷ்டப்படுகிறவர்கள் நாட்டில் 16 இலட்சத்துக்கு மேல் என்று வந்தது. நான் கீறிய பிளான்களில் மனித உருவம் ஒன்று வைப்பது வழக்கம், அளவு தெரிவதற்காக. எல்லாம் நிற்கிற உருவம். ஒன்றுகூட இருக்கிற உருவம் இல்லை.

நல்ல வாசல் எப்படி இருக்கும் என்று தேடிக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகத் தேவையில்லை. எங்கள் பிரெட்றிக் கோட்டையின் வாசலைப் பாருங்கள். 1620களில் போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தரும் பிரித்தானியரும் கைவைத்த கோட்டை. வெளியாள் உள்ளே வரக்கூடாது என்பதற்காகவே கட்டியது. இன்றைக்கு அந்த வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஆட்டோ போகிறது. சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். எல்லாரும் வரவேண்டும் என்று நான் கட்டிய மருந்துக் கடைக்குள் போகாது.

போன மாதம் பழைய பிளான் சுருள்களை எல்லாம் இறக்கினேன். கறையான் தின்றது போக மிஞ்சியதில், 2006க்குப் பிறகு றாம்ப் போட்டுக் கீறியவை 19. ஒவ்வொன்றிலும் கதவடியில் எத்தனை அடி மட்டம் விட்டேன், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, நிலைக்கு உள்ளளவு என்ன என்று சிவப்புப் பேனையால் குறித்தேன். சரியாக இருந்தது நாலு. அந்த நாலும் நான் யோசித்துச் செய்ததல்ல. அங்கே நிலம் தாராளமாக இருந்தது, அவ்வளவுதான். மிச்சப் பதினைந்தில் ஒன்று கலியாண மண்டபம், இரண்டு ரியூசன் நிலையம், ஒன்று பல் வைத்தியரின் இடம்.

அந்தப் பதினைந்து பேரையும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஆறு பேர். இரண்டு பேர் செய்கிறோம் என்றிருக்கிறார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிடவில்லை, மற்றப்படி எல்லாம் சொன்னார். திருத்தப் பிளானுக்கு நான் காசு வாங்குவதில்லை. உப்புவெளியிலிருந்து சீனக்குடா வரைக்கும், உங்கள் கடையில் றாம்ப் நேரே கதவில் போய் முட்டுகிறதென்றால், கதவும் வெளியே திறக்கிறதென்றால், அது என் கை கீறியதாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோய்க் கதவுக்கு முன்னால் போட்டு, இருந்தபடி ஒரு தரம் திறந்து பாருங்கள்.

பாமசிக் கதவு இன்னும் வெளியேதான் திறக்கிறது. ஒரு மணி பூட்டியிருக்கிறார்கள். அடித்தால் உள்ளேயிருந்து பெடியன் வந்து திறப்பான். கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தம்பியைப் பிறகு நான் காணவில்லை. இதை வாசிக்க நேர்ந்தால்: தம்பி, கொழும்பு ஆக்கள் இல்லை. உமக்கு முன்னால பிளேன்டீ குடிச்சுக்கொண்டு இருந்தவன்தான் கீறினது.